போடி, கம்பம் மலைக்கு எந்தச் சின்ன வண்டி? ஏலத்தோட்டக் கல்ரோட்டுக்கும் ஊர் சுத்தவும்

கேள்வி: கம்பத்து வாசகர் ஒருத்தர், 7 ஜூன் 2025

அண்ணே, உயரம் 5 அடி 5. இப்ப 125 சிசி வண்டி வச்சிருக்கேன். ஞாயித்துக்கிழமை மலைப்பக்கம் தோட்டத்து ரோடு, கல்ரோடு சுத்தணும். வருசத்துல ஒண்ணு ரெண்டு தடவை நீளமா டூரும் போகணும். ரெண்டு லட்சத்தை ஒட்டிச் செலவு பண்ணலாம். கூட இருக்கிறவங்க எல்லாம் "400 சிசி இல்லாம மலை ஏறாதே"ங்கிறாங்க. சரியா?

8 ஜூன்

சரியில்லை. அப்படிச் சொல்றவங்கள்ல பாதிப்பேர் போடிமெட்டு வரைக்கும் ஏறி, டீ குடிச்சு, போட்டோ எடுத்து இறங்கிடுறவங்க. 17 கொண்டை ஊசி வளைவு, நல்ல தார். அதுக்கு உங்ககிட்ட இருக்கிற 125-ஏ தாராளம்.

நான் போடிக்காரன். கேரளாப் பக்கம் சாந்தம்பாறைக்கு மேல எங்க குடும்பத்துக்குக் கொஞ்சம் ஏலத்தோட்டம். மெயின் ரோட்டை விட்டு இறங்கினா ஜீப் சக்கரம் ரெண்டு பக்கமும் பறிச்சுப் போட்ட தடம், நடுவுல புல் மேடு, வளைவுல தலை தலையா உருண்டைக் கல்லு. அங்க வண்டி விழும். எந்த வண்டியும் விழும், யார் ஓட்டினாலும் விழும். விழுந்ததைத் தூக்க அந்த நேரத்துல பக்கத்துல ஆள் இருக்காது. அதனால சிசியை ஓரமா வச்சிட்டு முதல்ல கிலோவைப் பாருங்க.

ராயல் என்ஃபீல்ட் ஹிமாலயன் 411 ஏறக்குறைய 200 கிலோ. புது 450-உம் 196. ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200-ல பின்னாடி வந்த நாலு வால்வு மாடல் 158-ஐ ஒட்டி. ஹீரோவோட பழைய இம்பல்ஸ் 134. ஸ்ப்ளெண்டர் 112. சமதளத்துல ஷோரூம் வாசல்ல இந்த வித்தியாசம் தெரியாது. சரிவுல, ஈரக் களிமண்ல, ஹேண்டில் கீழ்ப்பக்கம் பாத்து விழுந்து கிடக்கிறப்ப 40 கிலோ என்னன்னு இடுப்பு சொல்லும்.

என்கிட்ட இருக்கிறது எக்ஸ்பல்ஸ் 200, முதல்ல வந்த ரெண்டு வால்வு மாடல். அதனால என் பேச்சுல சாய்வு இருக்கும், கழிச்சுக்குங்க.

8 ஜூன், ராத்திரி

உயரத்தைப் பத்தி எழுத விட்டுப்போச்சு. 5 அடி 5-க்கு நாலு வால்வு எக்ஸ்பல்ஸோட 825 மில்லிமீட்டர் சீட்டுல ரெண்டு காலும் நுனிவிரல்தான் ஊனும். பழகிடும். ஒரு பிட்டத்தை நகர்த்தி ஒரு காலை முழுசா ஊனக் கத்துக்கிட்டா போதும்.

11 ஜூன்

"நம்பர் எல்லாம் ஒரே இடத்துல போடுங்க"ன்னு ரெண்டு பேர் கேட்டிருக்காங்க. அட்டவணை போட மாட்டேன், அட்டவணை பாத்து வண்டி வாங்கினவங்க படுற பாட்டை நிறையப் பாத்தாச்சு. பேசிக்கிட்டே போறேன்.

எக்ஸ்பல்ஸ் 200 வந்தது 2019-ல. முன்சக்கரம் 21 இஞ்சு, பின்சக்கரம் 18, கம்பிச் சக்கரம். அடிவயித்துக்கும் தரைக்கும் 220 மில்லிமீட்டர். 2021-ல நாலு வால்வு வந்தப்ப 19 குதிரை சக்தி ஆச்சு. 2023-ல வந்த ப்ரோ மாடல் சீட்டு 891 மில்லிமீட்டர். அது உங்களுக்கு வேண்டாம், ஏறவே ஸ்டூல் தேவைப்படும். இந்த வருசம் வந்த எக்ஸ்பல்ஸ் 210 தண்ணிக் குளிர்ச்சி எஞ்சின், ஆறு கியர், 24 குதிரை சக்திக்கு மேல, எடை 170 கிலோவை ஒட்டி. டூருக்கு நல்ல முன்னேற்றம். தோட்டத்துக்கு 10 கிலோ கூடுதல்.

சுசுகி வி-ஸ்ட்ராம் எஸ்எக்ஸ், 250 சிசி. 167 கிலோ, 26 குதிரை சக்தி. முன்சக்கரம் 19 இஞ்சு, அலாய். தேனியிலிருந்து கொச்சி, கோவை, ராமேஸ்வரம்னு ஓட்டுறவருக்கு இதுதான் சரி. கல்ரோட்டுல மெதுவா போகும். ஆனா அலாய் ரிம் கல்லுல நல்லா அடி வாங்கினா விரிசல் விடும். கம்பிச் சக்கரம் வளைஞ்சா கம்பியை இழுத்துக் கட்டி ஓரளவு நேராக்கிடலாம். சைக்கிள் கடைக்காரரே செஞ்சு குடுத்த கதையெல்லாம் இருக்கு.

கவாசகி கேஎல்எக்ஸ் 230 போன டிசம்பர்ல இங்க வந்தது. 139 கிலோ! ஆசையாத்தான் இருக்கு. சீட்டு 880 மில்லிமீட்டர், டேங்க் 7.6 லிட்டர். வந்தப்ப விலை 3 லட்சத்து 30 ஆயிரம். உங்க மூணு கேள்விக்கும் மூணு "இல்லை".

15 ஜூன்

"300 சிசிக்குக் கீழ டூர் போறது தற்கொலை"ன்னு மதுரைக்காரர் ஒருத்தர் எழுதியிருக்கார். ஐயா, நீங்க ஓட்டுறது நாலுவழிச் சாலை. அங்க 100-ல போகணும்னா நீங்க சொல்றது நியாயம்தான், 18 குதிரை சக்தி வண்டியில 80-ஐத் தாண்டி நாள் முழுக்கப் போனா கையும் சீட்டும் மரத்துப்போகும். ஆனா எங்க ஊர்லேருந்து மேற்கே கிளம்பினா மலைதான். போடியிலிருந்து பூப்பாறை, தேவிகுளம், மூணாறு, அடிமாலி. கம்பத்துலேருந்து குமுளி, வண்டிப்பெரியாறு, குட்டிக்கானம், வாகமண். மூணாறு வரைக்கும் ரோடு இப்ப அகலமாயிடுச்சு, சரிதான். அகலமான ரோட்டுலயும் வளைவு வளைவாத்தானே இருக்கு? நாள் முழுக்க ஓட்டினாலும் சராசரி 35, 40-ஐத் தாண்டாது. அந்த வேகத்துக்கு 200 சிசியும் ஒண்ணு, 400 சிசியும் ஒண்ணு. பெட்ரோல்தான் வேற வேற.

ஏத்தத்துல சின்ன வண்டி இழுக்காதுன்னு ஒரு பயம். அதுல கொஞ்சம் உண்மை இருக்கு. உயரம் போகப் போகக் காத்து மெலியும், 1,000 மீட்டருக்கு ஏறக்குறைய பத்துல ஒரு பங்கு சக்தி போயிடும். எல்லா சிசிக்கும் அதே கணக்குதான். கார்புரேட்டர் வண்டி கூடவே பெட்ரோல் அதிகமாக் குடிச்சு இருமும், இன்ஜெக்ஷன் வண்டி காத்துக்குத் தக்கன பெட்ரோலைக் குறைச்சுக்கும். போன சக்தி ரெண்டுலயும் திரும்பி வராது. அதுக்குத்தான் முதல் கியர் இருக்கு.

16 ஜூன்

நேத்து எழுதினதைப் படிச்சிட்டு ஒருத்தர் "அப்ப எக்ஸ்எல்-லயே போகலாமே"ன்னு நக்கல் அடிச்சிருக்கார். போறாங்களே! சாந்தம்பாறைக்கு மேல நான் முதல் கியர்ல ரெண்டு காலையும் துழாவிக்கிட்டு, முழங்கால் கவசம், ஹெல்மெட் கேமரா சகிதம் ஏறிக்கிட்டிருந்தேன். பின்னாடி டர்ர்ர்னு சத்தம். லுங்கியை மடிச்சுக் கட்டின ஒரு அண்ணாச்சி டிவிஎஸ் எக்ஸ்எல்-ல, முன்னாடி ஒரு ஏலக்காய் மூட்டை, பின்னாடி ஒரு மூட்டை, வாயில பீடி. "தம்பி, கொஞ்சம் ஓரம்." போயிட்டார்.

கேமராவுல பதிஞ்சிருக்கு. போட மாட்டேன்.

அவர் கதையிலயும் ஒரு பாடம் இருக்கு: அவருக்குத் தடம் தெரியும், எந்தக் கல்லு ஆடும், எது ஆடாதுன்னு தெரியும். ஆனா அதே வண்டியில இறக்கம் இறங்கச் சொன்னா நான் மாட்டேன். எக்ஸ்எல்-ல கியர் இல்லை, மெதுவா வர்றப்ப எஞ்சின் பிடிக்காது, பாரம் முழுக்க டிரம் பிரேக் மேல. கியர் வண்டியில முதல் கியர்ல போட்டு எஞ்சினை இழுக்க விட்டா பிரேக்கைத் தொட்டும் தொடாமலும் இறங்கலாம்.

29 ஜூன்

மழை ஏறிடுச்சு. மெட்டுக்கு இந்தப் பக்கம் போடியில வெயில், அந்தப் பக்கம் பூப்பாறையில கொட்டுது. தென்மேற்கு மழை அவங்களுக்கு, ஐப்பசி மழை நமக்கு. வருசத்துல ரெண்டு மழைக்காலத்தையும் வாங்கிக் கட்டிக்கிறது எல்லையில இருக்கிற நாமதான்.

மழையில மூணு விசயம் தெளிவாச்சு. முதல்ல டயர். பாதி தார் பாதி மண்ணுக்குன்னு வர்ற டயரு களிமண்ல சோப்புக் கட்டி. முண்டு முண்டா இருக்கிற பட்டன் டயர் போட்டா மண்ல நிக்கும், ஆனா ஈரத் தார் வளைவுல பயமுறுத்தும், சீக்கிரம் தேயும். உங்க ஓட்டத்துல நூத்துக்கு எண்பது தார்தான் இருக்கும், ஒத்துக்குங்க. அதனால கூட வர்ற டயரையே வச்சிட்டு, கல்ரோடு தொடங்குற இடத்துல காத்தைக் கொஞ்சம் இறக்குங்க. ரொம்ப இறக்கக் கூடாது. ட்யூப் டயர், கல்லுக்கும் ரிம்முக்கும் நடுவுல ட்யூப் நசுங்கி ஒரே அடியில ரெண்டு ஓட்டை விழும். காத்து இறக்கினா திரும்ப ஏத்த பம்பு வேணும், அதையும் யோசிங்க.

ரெண்டாவது ஏபிஎஸ், அதாவது பிரேக் பிடிக்கிறப்ப சக்கரம் பூட்டாமப் பாத்துக்கிற ஏற்பாடு. சரளைக் கல் இறக்கத்துல பின்பிரேக்குல ஏபிஎஸ் வேலை செஞ்சா, மிதிச்சாலும் வண்டி நிக்காம உருண்டுக்கிட்டே போகும். பின்சக்கரம் பூட்டி மண்ணை வாரிக் குவிச்சாத்தான் நிக்கும். என் பழைய எக்ஸ்பல்ஸ்ல முன்சக்கரத்துக்கு மட்டும்தான் ஏபிஎஸ், அது இப்ப வரமா இருக்கு. 2023 நாலு வால்வுல மோடு மாத்திக்கலாம். வாங்கப்போற வண்டியில பின்பக்க ஏபிஎஸ்ஸை அணைக்க முடியுமான்னு கட்டாயம் கேளுங்க.

மூணாவது முன்பக்க மட்கார்டு. சக்கரத்தை ஒட்டி இருந்தா களிமண் அடைச்சு சக்கரமே சுத்தாது. உசரத்துல தூக்கி வச்ச மட்கார்டு அழகுக்குன்னு நினைச்சவங்க சாந்தம்பாறை மண்ணைப் பாக்கணும்.

2 ஜூலை

அட்டைப்பூச்சி. உப்பைத் துணியில கட்டி பூட்ஸ் மேல தேய்ங்க. வண்டிக்குச் சம்பந்தம் இல்லைதான். ஹெல்மெட்டைத் தரையில வைக்காதீங்க, அப்ப சம்பந்தம் இருக்குன்னு தெரியும்.

6 ஜூலை

உயரம் பத்தி 8 ஜூன் ராத்திரி எழுதினதுக்கு ஒரு ஒட்டு. மைத்துனரைக் கூட்டிட்டுப் போனேன், உங்க உயரம்தான். சமதளத்துல ஒரு குறையும் இல்லை. பக்கவாட்டுச் சரிவுல நின்னப்பத்தான், கீழ்ப்பக்கக் கால் ஊனத் தரையே இல்லை. அப்படியே பூனை மாதிரி உருண்டார். அடி ஒண்ணும் இல்லை, வண்டியை ஒத்தையாவே தூக்கி நிறுத்தினார், அந்தமட்டும் என் கிலோ வாதம் ஜெயிச்சது. ஆனா "பழகிடும்"னு நான் எழுதினது தாருக்குத்தான் பொருந்தும். சரிவுல மேல்பக்கக் காலை ஊனித்தான் நிக்கணும், அதை உடம்பு கத்துக்க நாளாகும். சீட்டு ஃபோமைக் கொஞ்சம் செதுக்கலாம். சஸ்பென்ஷனை இறக்கினா தரை இடைவெளியும் சேர்ந்து போயிடும், செய்யாதீங்க.

20 ஜூலை

இது நீளமா இருக்கும், பொறுமையாப் படிங்க. ஏன்னா "எங்க ஓட்டுறது?"ன்னு யாருமே கேக்கலை.

படத்துல பாக்குற மாதிரிக் காட்டுக்குள்ள தடம் பிடிச்சுப் போறதுக்கு நம்ம பக்கம் இடம் கிடையாது. குரங்கணி வரைக்கும் ரோடு, அதுக்கு மேல காடு. 2018 மார்ச்சுல குரங்கணித் தீயில மலையேறப் போனவங்க 20 பேருக்கு மேல செத்துப்போனாங்க, அதுக்கப்புறம் நடந்து போறதுக்கே அனுமதிச்சீட்டு வேணும், வண்டிக்கு எங்க? கம்பத்துக்கு அந்தப் பக்கம் பெரியாறு புலிகள் காப்பகம். வருசநாடு, மேகமலை 2021-லேருந்து ஸ்ரீவில்லிபுத்தூர்-மேகமலை புலிகள் காப்பகம். பூப்பாறை பக்கம் மதிகெட்டான் சோலை தேசியப் பூங்கா. தேவாரத்துக்கு மேல சாக்குலூத்து மெட்டுப் பாதையில தோட்ட வேலைக்குப் போறவங்க நடந்து போவாங்க, ரோடு போடச் சொல்லி ஊர்க்காரங்க வருசக்கணக்காக் கேட்டும் வனத்துறை இடம்னு நிக்குது. அங்க வண்டியை விட்டா வழக்குதான்.

கொழுக்குமலை? ஊர் நம்ம தேனி மாவட்டம், வழி கேரளாச் சூரியநெல்லி. அது தனியார் தோட்டத்து ரோடு, வாடகை ஜீப்புல மட்டும்தான் போகலாம். வாசல்ல போய் சண்டை போடாதீங்க.

மிச்சம் இருக்கிறது என்ன? சேனாபதி, சாந்தம்பாறை, உடும்பன்சோலை, நெடுங்கண்டம், வண்டன்மேடு பக்கம் பஞ்சாயத்து ரோடுங்க ஏலத்தோட்டத்துக்கு நடுவுல புகுந்து புகுந்து போகும். பாதி கான்கிரீட், பாதி கல்லு. அது மக்கள் நடமாடுற வழி. காலையில கம்பத்துலேருந்தும் போடியிலேருந்தும் வேலைக்குப் போற பெண்களை அடைச்சுக்கிட்டு ஜீப்புங்க பறக்கும். ஏத்தத்துல வர்ற ஜீப்புக்கு நிறுத்தி வழி விடுங்க, அது நின்னா திரும்பக் கிளம்பாது. நம்ம பக்கம்னா ஹைவேவிஸ் தாண்டி இரவங்கலாறு, மகாராஜா மெட்டு ரோடு. அதுல கல்லுக்குப் பஞ்சமே இல்லை.

ஆக, நமக்கு "ட்ரெயில்"னா உடைஞ்ச ஜீப் ரோடு. ரெண்டடி மரக்கட்டையைத் தாண்டுற வண்டி தேவையில்லை. 200 மில்லிமீட்டருக்கு மேல தரை இடைவெளி, கம்பிச் சக்கரம், எஞ்சினுக்கு அடியில ஒரு தகடு, நிதானமா இழுக்குற முதல் கியர். அவ்வளவுதான். இதை ஜூன்லயே சொல்லியிருந்தா இழை இவ்வளவு நீண்டிருக்காது, எனக்கும் பொழுது போயிருக்காது.

சாயந்திரம் ஆறு மணிக்கு மேல சின்னக்கானல், சாந்தம்பாறை பக்கம் ஓட்டாதீங்க. யானை. அரிக்கொம்பன் சின்னக்கானல்ல பிடிபட்டு, பெரியாத்துக் காட்டுல விட்டு, அங்கேருந்து நடந்து 2023 மே மாசம் உங்க கம்பம் தெருவுக்கே வந்தது நினைவிருக்கும். அவன் போயிட்டான், மத்ததுங்க இருக்கு.

10 ஆகஸ்ட்

பழைய இம்பல்ஸ் வாங்கலாமான்னு மூணாவது ஆளும் கேட்டாச்சு. 2011-ல வந்த 150 சிசி. அன்னிக்கு யாரும் மதிக்கலை, நிறுத்தினப்புறம் தேடி அலையுறாங்க. வண்டி அருமை: 134 கிலோ, தரை இடைவெளி 245 மில்லிமீட்டர். எஞ்சின் சாமான் கிடைச்சுடும், அதே குடும்பத்து 150 சிசி வண்டிங்க ஊரெல்லாம் ஓடினதுதான். பிளாஸ்டிக், பின் சஸ்பென்ஷன், டேங்க் இதுக்கெல்லாம் அலையணும். ஏற்கனவே ஒரு வண்டி வச்சிருக்கிறவர் ரெண்டாவதா வாங்கலாம். ஒரே வண்டியா வாங்கினா மாசத்துல பாதி மெக்கானிக் கடையில நிக்கும்.

அதோட சேர்த்து: 21 இஞ்சு டயரும் ட்யூபும் சின்ன ஊர்க் கடையில இருக்காது. கட்டப்பனையில கிடைச்சாலும் நெடுங்கண்டத்துல கிடைக்காமப் போகலாம். ஒரு 21 இஞ்சு ட்யூப் கையில இருந்தா அவசரத்துக்குப் பின்சக்கரத்துலயும் மடக்கி உள்ள விட்டு வீடு வந்து சேரலாம். 18 இஞ்சு ட்யூபை முன்னாடி இழுத்து மாட்டுறது வம்பு.

11 ஆகஸ்ட்

"பல் மாத்தினா ஏத்தம் ஈஸியாமே?" ஆமா. முன் ஸ்ப்ராக்கெட்ல, அதாவது செயின் ஓடுற பல்சக்கரத்துல, 13 பல்லை 12 ஆக்கினா, பின்னாடி 40 பல்லு இருக்குற வண்டியில மூணு பல்லு கூட்டினதுக்குச் சமம். கல்ரோட்டுல கிளட்ச்சைத் தேய்க்காம மெதுவா ஏறலாம். பதிலுக்கு 70-ல போறப்ப எஞ்சின் கத்தும். டூரும் போகணும்ங்கிறீங்களே, அதனால தொடாதீங்க. நான் மாத்தினேன், திரும்ப மாத்திட்டேன்.

வேற மாத்தங்கள்: சைலன்சர், அகல ஹேண்டில், தூக்கின சஸ்பென்ஷன் இதெல்லாம் கேரளா மோட்டார் வாகனத் துறை கண்ணுல உடனே படும். மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு. டிஎன் 60 நம்பர்னா இன்னும் ஒரு நிமிசம் கூட நின்னு பாப்பாங்க. பின்னாடி உக்காருறவருக்கும் ஹெல்மெட் வேணும், 2023-லேருந்து கேமராவே பாத்துக்குது. பெட்ரோலை இந்தப் பக்கமே நிரப்பிக்குங்க, அங்க லிட்டருக்கு விலை கூட.

21 செப்டம்பர்

இன்னும் வாங்கலையா? நல்லதாப் போச்சு. நாளையிலேருந்து 350 சிசி வரைக்கும் ஜிஎஸ்டி 28-லேருந்து 18 சதவீதம். 350-க்கு மேல 40. "400 சிசி வேணும்"னவங்க இப்ப என்ன சொல்றாங்கன்னு கேட்டு எழுதுங்க.

இதனால எக்ஸ்பல்ஸ் 210-உம் வி-ஸ்ட்ராமும் உங்க கைக்கு இன்னும் கொஞ்சம் கிட்ட வந்திருக்கு. ஜூன்லயே ஒரே முடிவாக் கேட்டிருந்தா பழைய நாலு வால்வுன்னு ஒரே வார்த்தையில சொல்லியிருப்பேன். இப்ப இழுபறி. வருசத்துல ஒண்ணு ரெண்டு டூர்தான், மத்த ஞாயிறெல்லாம் தோட்டத்து ரோடுன்னா இன்னும் நாலு வால்வு 200 பக்கம்தான் நிப்பேன்: காத்துக் குளிர்ச்சியோட ஒரு சின்ன ஆயில் கூலர், ரேடியேட்டர் கிடையாது, கல்லு பட்டு ஒழுக அதுல ஒரு சாமான் குறைச்சல். டூர் பெருகும்னு தோணினா 210. மனைவியையும் கூட்டிட்டுப் போறதா இருந்தா வி-ஸ்ட்ராம், இதை அவங்களைக் கேட்டு முடிவு பண்ணுங்க, என்னைக் கேக்காதீங்க.

5 அக்டோபர்

வாழ்த்துகள்! தேனியில செகண்ட் ஹேண்ட் நாலு வால்வு எடுத்துட்டீங்களாம், ஆயுத பூஜையும் போட்டாச்சாம். போட்டோவுல பிரேக் டிஸ்க் மேல சந்தனம் தெரியுது, அதைத் தொடச்சிட்டு ஓட்டுங்க.

"முதல்ல எதை வாங்கி மாட்டட்டும்?" பெருசா எதையும் மாட்டாதீங்க, இது போதும்: கைக்கு ரெண்டு நல்ல கவசம், ஒரு ஸ்பேர் கிளட்ச் கேபிள், கிளட்ச் லீவர், ட்யூப், பம்பு, டயர் கழட்டுற கம்பி ரெண்டு. ஒரு ஞாயிறு மலைக்குப் போகாம வீட்டு வாசல்ல உக்காந்து முன்சக்கரத்தைக் கழட்டி ட்யூப் மாத்திப் பாருங்க. கம்பத்துல பக்கத்து வீட்டுக்காரர் சிரிப்பார், சிரிக்கட்டும். அதை மழையில, அட்டைக்கு நடுவுல முதல் தடவையா செய்ற கொடுமை வேண்டாம். பின்னாடி பெட்டி, கம்பி, கூடைன்னு கட்டி 158 கிலோவை 180 ஆக்கிடாதீங்க, அப்புறம் நான் ஜூன்ல எழுதினது வீண். துணிப்பை ரெண்டு, ரப்பர் கயிறு.

ஐப்பசி மழை தொடங்குற வரைக்கும் ரெண்டு வாரம் இருக்கு. முதல் ஓட்டம் சின்னமனூர், ஹைவேவிஸ், இரவங்கலாறுன்னு வச்சுக்குங்க. மலை ஏறுற 18 கொண்டை ஊசி வளைவும் தார், கல்லு அதுக்கு அப்புறம்தான், ஒரே நாள்ல ரெண்டையும் பழகிடலாம். தென்பழனி சோதனைச்சாவடி காலையில 6 மணிக்குத்தான் திறக்கும். நாலரைக்கே போய் நின்னு ஹாரன் அடிக்காதீங்க.